கார்டுக்கு ஒரு அடுப்பு

யுத்த காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு வந்தது. மண் குழைத்து அதைப் போட்டவள் நான். போட வைத்தது சர்க்கார். ஒரு நெசவாளி வீட்டுச் சமையலறையில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓர் இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் அடுப்பில் கையை விட்டுச் சாம்பலைத் தேடும்வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த வீட்டில் ஒரே அடுப்பு. அத்தை அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால், எழுந்திருக்கும்வரை வேறு யாரும் கரண்டியைத் தொட முடியாது. மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். மகன்கள் இருவருக்கும் நெசவுதான் தொழில். மூத்தவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் பாவா என்பேன். நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்லவேண்டியதை அவர் மனைவியிடம் சொன்னால் அது அவர் காதில் விழும். அவளை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் நடை பழகியிருந்தது. இளையவர் என் கணவர்.

வாசல் அறையில் இரண்டு தறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் எங்கள் தெருவில் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். அதற்குப் பிறகும் சாப்பாட்டு நேரம்வரை தறி ஓடவேண்டும். பகல் நெசவு நூல் கொடுக்கிற சாவுகாருக்கு, பொழுதுபோன நெசவு நமக்கு என்று என் கணவர் சொல்வார். தறிக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள், அடுப்பங்கரையில் ஒரு சிம்னி. கிருஷ்ணாயில் வண்டி தெருவுக்கே வரும். வேண்டுமட்டும் வாங்கிக்கொள்வோம். எண்ணெயைப் பற்றி யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. தண்ணீரைப் பற்றிக்கூட அந்த ஊரில் அதிகம் யோசித்தோம்.

பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது என்றார்கள். வண்டியும் நின்றது. கொஞ்ச நாள் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், புங்கெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். அறுந்த இழையைக் கண்டுபிடிக்க அந்த வெளிச்சம் போதவில்லை. புகைக்கரி பறந்துவந்து தறியில் நீட்டியிருந்த வெள்ளைப் பாவு நூலில் உட்கார்ந்தது. சாவுகார் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் கண்ட்ரோல் வந்தது. வீட்டுக்கு ஒரு கார்டு, கார்டுக்கு வாரம் ஒரு புட்டி எண்ணெய். வீடு என்றால் சுவரும் கூரையும் அல்ல, அடுப்பு. ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் ஒரே குடும்பம், ஒரே கார்டு. தறி ஒன்றா இரண்டா என்று யாரும் கேட்கவில்லை. எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ஒரு தறி. அவர்களுக்கும் ஒரு புட்டிதான்.

அந்த ஒரு புட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் அடுப்பங்கரையை இருட்டாக்கினோம். பொழுதோடு சமைத்து முடித்தோம், தடவித் தடவிப் பாத்திரம் கழுவினோம். இரண்டு தறிக்கும் நடுவே தூணில் ஒரே விளக்கு தொங்கியது. வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக விழாது. பாவாவின் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது, ஆணி அப்படி அமைந்துவிட்டது. என் கணவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து நெய்தார். கழுத்து வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார், அண்ணனிடம் சொல்லவில்லை.

ஒருநாள் பாவா எண்ணெய் டிப்போவிலிருந்து வெறும் புட்டியோடு திரும்பினார். எண்ணெய் வரவில்லை. ஆனால் ஒரு சேதியோடு வந்திருந்தார்.

"அம்மா, ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு கார்டு தரானாம். பக்கத்துத் தெருவுல ரெண்டு மூணு வூட்ல அப்டித்தான் வாங்கிகினு கீறாங்க."

அத்தை முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு அடுப்புன்னா? பாகம் பிரியறீங்களா?"

"பேருக்குத்தாம்மா. பின்பக்கத் தாவாரத்துல ஒண்ணு போட்டு வெச்சிக்கலாம். வந்து பாத்தான்னா காட்டலாம். சோறு எப்பவும்போல உன் கையாலதான்."

அத்தை இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டார். பிறகு, "உங்க நைனா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?" என்று கேட்டார்.

"நைனா காலத்துல எண்ணெய்க்கு கார்டு இல்லியேம்மா" என்றார் என் கணவர். அத்தை முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

அடுப்பைப் போடும் வேலை எனக்கு வந்தது. ஏரி மண் கொண்டுவந்து, வைக்கோல் நறுக்கிப் போட்டுக் குழைத்து, தாழ்வாரத்தின் மூலையில் சின்னதாக ஒன்று போட்டேன். சாணம் மெழுகிக் கோலம்கூட இழைத்தேன். விளையாட்டுச் சாமான் செய்வதுபோல் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா வந்து நின்று பார்த்து, "காத்து இந்தப் பக்கமிருந்து வருது, வாயைக் கொஞ்சம் திருப்பி வையி" என்றாள். திருப்பி வைத்தேன்.

விண்ணப்பித்த பிறகு தாலுகா ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மெலிந்த உடம்பு, சட்டைக் காலர் நைந்திருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஆனால் நேராக உள்ளே வந்தார். அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் அதற்கு முன் அந்நிய ஆண் யாரும் கால் வைத்ததில்லை. நெருங்கிய சொந்தக்கார ஆண்கள் வந்தால்கூட நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் தண்ணீர் கேட்பார்கள். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். இன்ஸ்பெக்டர் பெரிய அடுப்பைப் பார்த்தார், பானைகளைப் பார்த்தார், தாழ்வாரத்துக்கு வந்தார். நான் போட்ட அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டார்.

வெளியே எடுத்தபோது விரல்கள் சுத்தமாக இருந்தன.

"சாம்பலே இல்லியே. இதுல எங்க சமைக்கிறீங்க?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை.

"புது அடுப்பு சார். இப்பத்தான் காஞ்சிகினு இருக்குது" என்றார் பாவா.

"நான் சின்னப் பையன் இல்லீங்க. இப்போதைக்கு எழுதிக்கிறேன். திடீர்னு ஒருநாள் வருவேன். ரெண்டுலயும் உலை கொதிக்கணும், ரெண்டு பானை தனித்தனியா இருக்கணும். இல்லேன்னா ரெண்டு கார்டும் போய்டும். என்மேல வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல, உத்தரவு அப்டி."

பிறகு ஆட்களின் பெயரை எழுதினார். பாவாவோடு அக்காவும் குழந்தையும். என் கணவரோடு நான். அத்தையிடம் வந்ததும் நிறுத்தினார்.

"பெரியம்மா எந்த அடுப்பு?"

அத்தை தலையை நிமிர்த்தினார். "எந்த அடுப்புன்னா? ரெண்டும் என்னுதுதான் சாமி. ரெண்டு பேரும் என் புள்ளைங்க."

"சரிம்மா. ஆனா ஒண்ணுலதான் எழுத முடியும். எங்க சாப்புடுவீங்க?"

அத்தை மகன்களைப் பார்த்தார். பாவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவர் அடுப்பு என்று எழுதிக்கொண்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். செருப்பைப் போட்டுக்கொள்ளும் முன் தொட்டியில் கை கழுவினார். எதற்குக் கழுவினார், விரலில்தான் ஒன்றும் ஒட்டவில்லையே என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது.

மறுநாள் முதல் நான் தாழ்வாரத்து அடுப்பைப் பற்றவைத்தேன். முதலில் வெறும் தண்ணீர் காய்ச்சினேன். விறகும் அப்போது சுலபமாகக் கிடைக்கவில்லை. ரயில் எஞ்சினுக்கே விறகு போட்டு ஓட்டிய காலம் அது. மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கப் போனால் காட்டிலாகா ஆள் விரட்டுவான். எண்ணெயை மிச்சம் பிடிக்க வந்த உத்தரவுக்காக, சாம்பல் வேண்டுமென்று நாங்கள் விறகை எரித்தோம். பச்சைத்தண்ணீரைச் சுடவைத்து முற்றத்தில் கொட்டினோம். கொஞ்ச நாளில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எரியறது எரியுது. அதுல ரெண்டு பேருக்குச் சோறாவது ஆக்கேன். தண்ணியக் காய்ச்சிக் கொட்டறதப் பாத்தா வயிறு எரியுது" என்றாள்.

நியாயமாகத்தான் இருந்தது. ஆக்கினேன்.

அந்த முதல் நாள் சமையலை நான் மறக்கவில்லை. அத்தை புளிக்குழம்பில் காரம் தூக்கலாகப் போடுவார். எங்கள் வீட்டில் எள்ளை வறுத்து அரைத்துவிடுவார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாததால் நான் எள்ளை வறுத்தேன். வாசனை தறியறை வரைக்கும் போயிருக்க வேண்டும். என் கணவர் கை கழுவிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நான் என் கையால் பரிமாறுவது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டார். என்னைக் கட்டிப்போட வந்த உத்தரவு அது என்று அன்று நான் நினைக்கவில்லை. எனக்கு அது எள்ளும் உப்பும் என் இஷ்டத்துக்குப் போடக் கிடைத்த இடம். ஓர் உத்தரவு வீட்டுக்குள் நுழைந்தால் யாருக்கு எதைக் கொடுக்கும், யாரிடமிருந்து எதை எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

அத்தையிடமிருந்துதான் எடுத்தது. அவர் கரண்டியைத் தானாகவே அக்காவிடம் கொடுத்துவிட்டார். காலையில் அக்காவிடம் சாப்பிட்டார், மாலையில் என்னிடம் வந்தார். எங்கே என்ன கொதிக்கிறது என்று கேட்கமாட்டார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார், சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார். "உப்பு சரியா இருக்குதா அத்தை?" என்று கேட்டால், "ஆங், இருக்குது" என்பார். ஒரு வீட்டுக்காரி பேசுகிற பேச்சாக அது இல்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. திருப்தியாகப் போனார். இரண்டு புட்டி எண்ணெய் வந்தது, தறிக்கு ஒரு விளக்கு மாட்டினோம், என் கணவரின் கழுத்து நேரானது. நினைத்தது நடந்தது. ஆனால் விறகுக்கட்டில் இது யார் பங்கு என்ற பேச்சு வந்தது. உப்புச் சட்டி இரண்டானது. குழந்தை எள்ளு வாசனைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவரும். முதலில் அக்கா சிரித்தாள். பிறகு, "இங்க வா, நம்ம வூட்ல சோறு கீது" என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான்கு அடி தூரத்தில் நின்று குழந்தையிடம் நம்ம வீடு என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் பேசினேன்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்குப் பிரசவம். விளக்கு வைக்கிற நேரத்தில் வலி கண்டது. வானம் மூடிக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் ஆள் முகம் தெரியவில்லை. மருத்துவச்சி வந்து உட்கார்ந்ததும் வெளிச்சம் கேட்டாள். பாவா ஒரு பாவு நெய்து முடித்துக்கொடுக்க வேண்டிய அவசரத்தில் அந்த வாரத்து எண்ணெயை எல்லாம் முன்பே எரித்திருந்தார். அவர்கள் புட்டியைக் கவிழ்த்தால் சொட்டு விழவில்லை.

அத்தை தாழ்வாரத்துக்கு வந்தார்.

"ஏம்மா, உங்க எண்ணெய்ல கொஞ்சம் கீதா?"

நான் எழுந்து நின்றேன். உங்க என்ற சொல் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கணம் நிறுத்தியது. சொன்ன பிறகு அத்தைக்கே அது கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். தறியறையில் என் கணவரின் நாடா ஓடும் சத்தம் நின்றது. அவரே விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலி வரும்போதெல்லாம் அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருத்துவச்சி கையில் கொடுத்ததும் அத்தை குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினார். தாழ்வாரத்தில் பாவாவும் என் கணவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றதைப் பார்த்தேன். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எண்ணெய் போட்டதும் பாவா தன் புட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். எங்கள் புட்டியை வாங்கி, அன்று எரிந்திருக்கக்கூடிய அளவை நிதானமாகக் கண்மட்டத்தில் பிடித்து ஊற்றினார்.

"இன்னாத்துக்குண்ணா இது?" என்றார் என் கணவர்.

"உனக்குக் கொறையக்கூடாது இல்ல."

பாவா நல்லெண்ணத்தோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தம்பியின் விளக்கு தன்னால் அணையக்கூடாது என்று நினைத்தார். என் கணவர் அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று மாலை அவர் தறியில் உட்காரவில்லை. அண்ணன் தம்பிக்குள் அதற்குப் பிறகும் சண்டை வரவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்தது. கண்ட்ரோல் உடனே போகவில்லை. வெள்ளைக்காரன் போய்க் கொடியேற்றினார்கள், அப்போதும் கார்டு இருந்தது. பிறகு ஒருநாள் டிப்போவில் கேட்டபோது, இனி யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார்கள். என் கணவர் இரண்டு புட்டி நிரப்பிக்கொண்டு வந்தார். தெருவில் பலர் அன்று வாசலில்கூட விளக்கு வைத்தார்கள்.

அத்தை மறுநாள் காலையில் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு அடுப்பங்கரைக்கு வந்தார். என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். குரலில் பழைய அத்தை இருந்தார்.

"தாவாரத்து அடுப்ப இன்னிக்கி எடுத்துடலாம். கடப்பாறை வெச்சிகீறேன். இனி எவனும் வந்து பாக்கப்போறதில்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். அன்று பிறந்த பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் என்னைப் பார்த்தாள். நாங்கள் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளவில்லை. இது சத்தியம்.

"இருக்கட்டுமே அத்தை" என்றாள் அக்கா.

"ஆங், இருக்கட்டும் அத்தை" என்றேன் நானும்.

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சர்க்காருக்குப் பயந்து வெச்சீங்க, சரி. இப்ப யாருக்குப் பயந்து வெச்சிகினு கீறீங்க?"

எங்களிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லும்படியாக இல்லை. அவளவள் பானையில் அவளவள் உப்புப் போட்டுப் பழகிவிட்டோம். யுத்தம் முடிகிற சமயத்தில் எனக்குப் பிறந்த பிள்ளை பசிக்கு அழுதால் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுக்க என் அடுப்பில் கஞ்சி இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. அன்று சொன்னது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அத்தை சண்டை போடவில்லை. கடப்பாறையைத் தறியறை மூலையில் திரும்ப வைத்தார். கொல்லைப்புறம் போனார். கிணற்றடிக்கு அந்தப் பக்கம், முருங்கை நிழலில் மூன்று கல்லைக் கூட்டினார். பரணிலிருந்து சின்னப் பானை ஒன்றை இறக்கினார், தன் கல்யாணத்தில் வந்த பானையாம். எங்கள் இரண்டு அடுப்பிலும் கங்கு இருந்தது. எங்களைக் கேட்காமல் எதிர்வீட்டுக்குப் போய் வறட்டியில் நெருப்பு வாங்கிவந்தார்.

பாவா ஓடிவந்தார். "இன்னாம்மா இது? ஊரு என்னான்னு பேசும்? எங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணா சாப்புடு, நீ சொல்றதுதான்."

"எந்த அடுப்புன்னு இனிமே என்ன யாரும் கேக்கக்கூடாது" என்றார் அத்தை. ஊதுகுழலை வைத்து ஊதினார். புகை கண்ணைக் கரித்தது. அவர் கண்ணில் நீர் வந்தது புகையினாலா என்று தெரியவில்லை.

அதன்பின் அவர் காலம் முடியும்வரை அந்த மூன்று கல்தான். மழையென்றால் ஓலையை மறைப்பாக வைத்துக்கொள்வார். நாங்கள் அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், இரண்டு பேரிடமும் சமமாக வாங்குவார். சமைத்த பண்டம் எதையும் வாங்கமாட்டார். ஆனால் தன் பானையிலிருந்து யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடி போகிற கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும்போது கொல்லையில் நிறையவே பொங்கி வைப்பார். பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடப்பார்கள்.

பாவாவும் என் கணவரும் காலையில் கிணற்றில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு அந்தக் கல்லடுப்பின் பக்கத்தில் போய் நிற்பார்கள். அத்தை பழைய சோற்றைப் பிழிந்து ஆளுக்கு ஓர் உருண்டை கையில் வைப்பார். தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இருவரும் நின்றபடியே சாப்பிடுவார்கள். பேச்சு நூல் விலை, மழை, சாவுகார் என்று போகும். நானும் அக்காவும் அவரவர் அடுப்படியிலிருந்து அதைப் பார்ப்போம். பிறகு இருவரும் உள்ளே வந்து, எங்களிடமும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.